ஒன்றரை ரூபாய் புத்தகம்

"காமிக்ஸா? அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்டா!"

விடுதியில் என் தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கும் நண்பர்கள் சொல்லும் முதல் வார்த்தை இது. இரண்டாவது வார்த்தை, "ஒண்ணு குடேன், படிச்சிட்டுத் தரேன்!" முதல் வார்த்தைக்கு நான் பதில் சொல்வதில்லை. இரண்டாவதற்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே நண்பர்களே, மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தபால்தலை சேர்ப்பவரைக் கண்டால் மதிக்கிறோம். பழைய நாணயம் சேர்ப்பவரைப் பற்றிப் பத்திரிகையில் போட்டோவோடு செய்தி வருகிறது. காமிக்ஸ் சேர்ப்பவன் மட்டும் பொழுதுபோகாதவன்! ஆனால் அமெரிக்காவில் இது பெரிய வியாபாரம். எந்தப் புத்தகம் என்ன விலை போகும் என்று சொல்லும் 'ஓவர்ஸ்ட்ரீட்' விலைக் கையேடு 1970 முதல் வந்துகொண்டிருக்கிறது. 2000-ல் ஒரு நிறுவனம் தொடங்கியது. புத்தகத்தைப் பரிசோதித்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து சீல் வைத்துவிடும். அப்புறம் அதை யாரும் புரட்டிப் படிக்க முடியாது. (படிக்க முடியாத புத்தகம் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.) சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-ல் பத்து சென்ட். 2024-ல் அதன் ஒரு பிரதி ஏலத்தில் 60 லட்சம் டாலருக்குப் போனது. நம் கணக்கில் சுமார் ஐம்பது கோடி ரூபாய்!

நம் ஊர்க் கதைக்கு வருவோம். தமிழ் காமிக்ஸ் என்றால் சிவகாசி. எம். சௌந்திரபாண்டியன் ஆரம்பித்த முத்து காமிக்ஸ் 1972-ல் வந்தது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1984 ஜூலையில் அவர் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸ் தொடங்கினார். அதே ஜூலையில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தது. மாதம் இரண்டு இதழ், ஆரம்ப விலை ஒன்றரை ரூபாய். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைகளில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். இருபத்தோரு வருஷம் வந்து 2005-ல் நின்றுபோனது. முத்துவும் லயனும் நடுவில் தட்டுத் தடுமாறினாலும் நிற்கவில்லை. முத்து 2022-ல் ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது.

இதில் புதிதாகச் சேர்ப்பவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று. பெட்டிக்கடைக்காரரிடம் "மாயாவி இருக்கா?" என்று கேட்டால் எந்த மாயாவி? ராணி காமிக்ஸ் மாயாவி என்பவர் முகமூடி போட்டு, மண்டையோட்டுக் குகையில் வாழ்பவர். லீ பாக் 1936-ல் உருவாக்கிய 'ஃபேண்டம்'. இவரையே முத்து காமிக்ஸ் வேதாளர் என்றது. முத்துவின் மாயாவி வேறு ஆள், லூயி கிராண்டல் என்று பெயர். 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்தவர். ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. ஆராய்ச்சிக்கூட உதவியாளர், விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். (எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் லேபில் முயற்சி செய்ய வேண்டாம். நமக்கு உடம்பு அங்கேயே கிடக்கும், உயிர்தான் மறையும்!) அந்த 'வேலியண்ட்' 1976-லேயே மூடப்பட்டது. இங்கிலாந்துக்காரன் மறந்த ஆளை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பேர் சொல்லி விசாரிக்கிறார்கள் என்றால், அது சிவகாசி செய்த வேலை.

சரி, இவ்வளவு ஆயிரக்கணக்கில் அச்சடித்து விற்ற புத்தகம் இப்போது ஏன் கிடைப்பதில்லை? காரணம் ரொம்ப எளிது. படித்தார்கள்! ஒருவன் வாங்கினால் தெருவே படித்தது. அட்டை முதலில் போகும், அப்புறம் நடுப்பக்கம். மிச்சம் இருப்பது பள்ளி முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகும், இல்லையென்றால் கடலை மடிக்கப் போகும். அலமாரியில் பூட்டி வைத்த பணக்காரப் புத்தகம் இல்லை இது. தருமபுரியில் ஒரு பழைய பேப்பர் கடையில் நானே மூட்டையைக் கிளறி ராணி காமிக்ஸ் ஏழு இதழ் எடுத்தேன். கடைக்கார அண்ணன் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "பத்து ரூபா குடு தம்பி" என்றார். அந்த ஏழில் ஒன்றுக்கே முந்நூறு ரூபாய் தர ஆள் இருக்கிறது. அண்ணனுக்கு அது தெரிந்தும் சிரித்தார். "மூட்டைய மூட்டையா பிரிச்சிப் பாத்துக்கினு இருந்தா நான் எப்ப கடைய சாத்தறது?"

விலை எப்படிப் போடுவது? தமிழுக்கு அச்சிட்ட விலைக் கையேடு எதுவும் என் கையில் கிடைத்ததில்லை. சேகரிப்பவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு நான் தெரிந்துகொண்டது இதுதான். முதலில் பார்ப்பது அட்டை. அட்டை போனால் பாதி விலை போச்சு. அடுத்தது பக்கம் எண்ணுவது. கடைசிப் பக்கம் கிழிந்திருந்தால் வில்லன் யாரென்றே தெரியாது. பின் துருப்பிடித்திருக்கிறதா, செல்லோ டேப் ஒட்டியிருக்கிறதா, குறுக்கெழுத்துப் போட்டியை யாராவது நிரப்பியிருக்கிறார்களா என்பது அதற்கப்புறம். தீபாவளி மலர், கோடை மலர் என்றால் கூடுதல். அதே கதை மறுபதிப்பாக வந்துவிட்டால் படிக்க மட்டும் விரும்புகிறவர்கள் விலகிவிடுவார்கள், பழைய பதிப்பையே கேட்கிற பிடிவாதக்காரர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கேட்கிறவர் பன்னிரண்டு வயதில் அந்தக் கதையைப் படித்தாரா என்பதைப் பொறுத்தது விலை. படித்திருந்தால் பேரமே பேச மாட்டார்.

இன்னொன்று, புத்தகத்தில் கையெழுத்து. முன் பக்கத்தில் யாராவது பேனாவில் எழுதியிருந்தால் விலை இறங்கும். இந்த இடத்தில்தான் எனக்கு வம்பு.

என் பெட்டியில் இருக்கிற எண்பத்து மூன்று புத்தகம் என் மாமாவுடையது. ராணி அறுபத்து நாலு, முத்துவும் லயனும் பத்தொன்பது. மாமா அஞ்சாவதோடு பள்ளியை விட்டவர். பதினாலு வயதில் லாரியில் கிளீனராக ஏறிவிட்டார். பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு, காரிமங்கலத்திலிருந்து மாங்காய் லோடு. லோடு இறங்கும் வரை சும்மா இருக்கும் நேரத்தில் காமிக்ஸ். ஆரம்பத்தில் எழுத்துக் கூட்டித்தான் படித்தாராம். படம் முன்னாலேயே கதையைச் சொல்லிவிடுவதால் எழுத்து பின்னாலேயே வந்து சேரும் என்பார். "பாடப் புஸ்தகம்னா தப்பா படிச்சா அடி விழும் கண்ணு. இதுல தப்பா படிச்சாலும் குதிரை ஓடிக்கினே இருக்கும்!"

ஒவ்வொரு புத்தகம் வாங்கியதும் உள் பக்கத்தில் ஊரும் தேதியும் எழுதுவார். எழுதிப் பழகத்தான். 'தொப்பூர் 12.3.91' என்று ஒன்று. கணவாயில் முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து ராத்திரி முழுக்க வண்டி நின்றதாம், டார்ச் லைட்டில் படித்தாராம். 'கிருஷ்ணகிரி, தர்மபுரி மா.' என்று சிலது. 2004-ல்தானே கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது! 1995 வரை 'கொத்தவால் சாவடி, மெட்ராஸ்' என்று வரும். அதற்கப்புறம் திடீரென்று 'கோயம்பேடு' என்று ஆகிவிடும். 1996-ல் மார்க்கெட் அங்கே மாறியதை நான் பொது அறிவுப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு வெஸ்டர்ன் கௌபாய் கதையின் முதல் பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆரம்ப இதழ்களில் எழுத்து கோணல்மாணல். 'தொப்பூர்' என்பதில் ஒரு புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருக்கும். நாலைந்து வருஷம் போகப் போக எழுத்து நிமிர்கிறது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, ஒன்றை ஒன்று தொடாமல், காமிக்ஸ் பலூனுக்குள் கையால் எழுதுவார்களே, அச்சு அசல் அதே மாதிரி. வேறு யாரைப் பார்த்துப் பழகினார், பாவம்! என் அப்பா, அம்மா இருவரும் கைநாட்டு. நான் இங்கே சேர்ந்தபோது உதவித்தொகை பாரத்தை மாமாதான் நிரப்பினார். அலுவலகத்தில் வாங்கிப் பார்த்த அக்கா, "யாருப்பா எழுதினது, பிரிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு?" என்றார். மாமா வாய் திறக்கவில்லை. வெளியே வந்து எனக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

போன வருஷம் சேலத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், நல்ல மனிதர், முப்பது வருஷமாகச் சேர்க்கிறவர். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட்டார். எண்பத்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, மொத்தமாகப் பதினாலாயிரம் என்றார். "எழுத்து மட்டும் இல்லேன்னா இருபத்திரண்டு தந்திருப்பேன் தம்பி. எல்லாத்துலயும் எழுதி வச்சிருக்காரே" என்று வருத்தமாகச் சொன்னார். அவர் கணக்கு நியாயமான கணக்கு. மனுஷன் ஏமாற்றவில்லை.

பதினாலாயிரம் எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர வேண்டும் என்றால் பணம் வேண்டும். மாமா இப்போது லாரி ஓட்டுவதில்லை, சர்க்கரையால் கால் மரத்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்தபடியே, "குடுத்துடு கண்ணு. நான் படிச்சாச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சேலத்துக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா ஒரு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கொடுக்கவில்லை. சேலத்துக்காரரை வெறுங்கையோடு அனுப்பவும் மனசு வரவில்லை. எண்பத்து மூன்றில் ஐந்து கதை இரட்டையாக இருந்தது. எந்த ஊரில் எதை வாங்கினோம் என்று மறந்து மாமா மறுபடி வாங்கியிருக்கிறார். ஒன்று உளுந்தூர்பேட்டை, இன்னொன்று மொரப்பூர். எதைக் கொடுப்பது? அட்டை நன்றாக இருப்பதைக் கொடுத்துவிட்டு, ஊர் நன்றாக இருப்பதை வைத்துக்கொண்டேன். ஐந்துக்கும் தொள்ளாயிரம் ரூபாய் தந்தார். அதில் வாங்கியதுதான் என் சயின்டிபிக் கால்குலேட்டர். கணக்குப் பரீட்சை அன்று ஆளுக்கொரு பக்கம் கடன் கேட்டீர்களே, அதேதான்!

இப்போது எழுபத்தெட்டு இருக்கிறது. அவற்றைக் காப்பதுதான் பெரும்பாடு. காமிக்ஸ் அச்சடித்தது மட்டமான நியூஸ்பிரிண்ட் தாளில். மரக்கூழில் இருக்கிற லிக்னின் என்ற பொருளை நீக்காமல் செய்கிற தாள் அது. காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பேறும், உள்ளுக்குள் அமிலம் சேர்ந்து அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால் வெயில் படும் ஜன்னல் ஓரம் கூடாது. செல்லோ டேப் கூடவே கூடாது, அது பத்து வருஷத்தில் மஞ்சள் கறையாகிப் படத்தையே தின்றுவிடும். லேமினேஷன் செய்தால் அப்புறம் பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த பின்னை நகத்தால் நெம்பாமல் நுனி மழுங்கிய கத்தியால் மெதுவாக நிமிர்த்தி எடுத்து, வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடலாம். இராமபாணப் பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையை ஒரு துணியில் முடிந்து பெட்டி மூலையில் போட்டிருக்கிறேன். புத்தகத்தை நிற்க வைத்தால் முதுகு வளையும், படுக்க வைத்தால் அடியில் இருப்பது நசுங்கும். ஆகவே பத்துப் பத்தாகப் பிரித்து, நடுவில் அட்டை கொடுத்து வைக்கிறேன். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் புரட்டுவேன். புரட்டும்போது படிக்காமல் இருக்க முடியுமா? அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னைத் துணி துவைக்கக் கூப்பிடாதீர்கள்.

விடுதிக்கு வெளியே இரவல் தருவதில்லை. என் கட்டிலில் உட்கார்ந்து, கை துடைத்துவிட்டு, எத்தனை வேண்டுமானாலும் படிக்கலாம். முறுக்கு தின்றுகொண்டே படிக்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாமா 1993-ல் வாங்கிய நாலு ராணி காமிக்ஸ் ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி வீணாய்ப் போனது. பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து வரும் நண்பர்கள் பொங்கல் லீவில் வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரணைக் கொஞ்சம் பாருங்கள். சித்தப்பா, பெரியப்பா பெட்டி ஏதாவது கிடக்கும். எடைக்குப் போடும் முன் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு பக்கம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே யாராவது பேர், ஊர் எழுதியிருந்தால் அதற்கு நான் விலை குறைக்க மாட்டேன், கூட ஐந்து ரூபாய் தருவேன்.