உள்ளுறுப்புக்கும் பெயருண்டு!

தேரோடும் வீதிகள் நான்கும் நமக்குத் தெரியும். கோள்கள் ஒன்பதும் மனப்பாடம். எந்தக் கோள் எந்த வீட்டில் அமர்ந்தால் என்ன கேடு என்பதுகூட விரல்நுனியில்! ஆனால், வலப்பக்க விலா எலும்புகளின் மறைவில் குடியிருப்பது கல்லீரல் என்பதை அறிந்தோர் நம்மில் எத்தனை பேர்? வானத்து வீட்டைக் கணக்கிடுவோர்க்கு வயிற்றுக்குள் இருப்பது தெரியவில்லை!

பள்ளியிலே பாடம் சொல்லும் நாம் இதை ஆண்டுதோறும் காண்கிறோம். உடலியல் பாடத்தில் நுரையீரல், இரைப்பை, சிறுநீரகம் என உரக்கப் படித்துவரும் மாணவியரின் குரல், கருப்பை என்ற சொல் வந்ததும் அடங்கிவிடுகிறது, தலை கவிழ்ந்துவிடுகிறது. கருவைத் தாங்கும் பை கருப்பை. இதிலே நாணுவதற்கு என்ன இருக்கிறது?

அந்த நாணம் உயிரோடு விளையாடுகிறது, தோழர்களே! நம் தெருவிலே ஓர் அம்மையார் ஈராண்டுக் காலம் ‘வயிற்றுவலி’ என்றே சொல்லிவந்தார். கசாயம் குடித்தார், தாயத்தும் கட்டினார். உதிரப்போக்கு மிகுந்து மயங்கி விழுந்த பிறகே, கருப்பையில் கட்டி வளர்ந்திருப்பது தெரிந்தது. அறுவை மருத்துவம் நடந்தது, பிழைத்தார். ஈராண்டு வேதனைக்குக் கட்டி மட்டுமா காரணம்? வாய்க்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த சொல்லும் அன்றோ!

நோயின் பெயர் மறையும் இடத்தில் தெய்வம் நுழைகிறது. பெரியம்மையை ‘ஆத்தாள் வந்திருக்கிறாள்’ என்றனர், வேப்பிலை கட்டினர், கூழ் ஊற்றினர். ஆத்தாள் அதனாலா அகன்றாள்? 1796இல் ஜென்னர் காட்டிய வழியிலே, வீடு வீடாகச் சென்று அம்மை குத்தியதால் ஒழிந்தது அந்நோய். 1975க்குப் பின் இந்தியாவில் அது இல்லை. உலகிலேயே இல்லையென 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது.

ஊசியை ஏற்றுக்கொண்டோம், அதையும் புதிய தாயத்தாக்கிவிட்டோம்! சாதாரணச் சளிக்கும் ‘ஓர் ஊசி போடுங்கள்’ என்று கெஞ்சுகிறோம். ‘நரம்பிலே போட்டார்கள்’ என்கிறோம். நரம்பு உணர்ச்சியைக் கடத்துவது. மருந்து செலுத்தப்படுவதோ சிரையில், அதாவது இதயத்திற்குத் திரும்பும் குருதி ஓடும் குழாயில். அங்கே செலுத்தினால் மருந்து உடனே குருதியில் கலக்கும். இன்சுலினை நாள்தோறும் போட்டுக்கொள்வோர் தோலடியில் செலுத்துகின்றனர். அது மெல்லக் கலக்கும். வில்வாத நோய்த் தடுப்பூசி தசைக்குரியது. இடத்திற்கு ஒரு காரணம் உண்டு. காரணத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு!

“இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல இயலுமா?” என்பார் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலையும் அறுவை மருத்துவ நூலையும் தமிழாக்கினார். சமயம் பரப்ப வந்தவர்தாம். எனினும், கற்பவர் மொழியில் கற்பிக்க வேண்டும் என்ற தெளிவு அந்த அயலாருக்கு இருந்தது. நமக்கு இருக்கவேண்டாமா?

மருத்துவர் சீட்டை நீட்டும்போது கேளுங்கள்: “எந்த உறுப்பு? என்ன கோளாறு? எதற்கு இந்த ஊசி?” வீட்டில் தாயிடமும் தமக்கையிடமும் உறுப்புகளின் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள்; அவர்களையும் சொல்ல வையுங்கள். நாம் நாணி நிற்கலாம். நோய் நமக்காக நின்றுகொண்டிராது!