சேங்கொட்டைக் குறி

அம்மாவின் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையை வாஷிங் மெஷினில் போட்டுக் கெடுத்தேன். அரக்குச் சிவப்பு. கூடவே அப்பாவின் வெள்ளை வேட்டிகள் இரண்டு உள்ளே கிடந்ததைக் கவனிக்கவில்லை. வெளியே எடுத்தபோது வேட்டிகள் ரோஸ் நிறத்தில் இருந்தன. சேலையின் வெள்ளைப் புள்ளிகளும் சிவந்துவிட்டன. சுங்குடிக்கு அந்தப் புள்ளிதான் உயிர். துணியைக் கிள்ளி நூலால் முடிந்து சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாமல் நின்ற இடம்தான் புள்ளி. எத்தனையோ பெண்கள் விரல் தேய முடிந்ததை நான் அரைமணி நேரத்தில் அழித்துவிட்டேன்.

சின்னாளப்பட்டியில் சாயப்பட்டறை நடத்தும் நண்பர் சேலையை விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வேட்டிய வேணா ஒரு அம்மாகிட்டக் காட்டுவோம். எங்க வீட்டுச் சேலையெல்லாம் அவங்க கைக்குத்தான் போகும்" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டார்.

மதுரை சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் சிறுமலை முழுசாகக் கண்ணுக்கு முன் வந்து நிற்கிறது. ஒரு காலத்தில் குளத்துத் துறையாக இருந்த இடம். இப்போது நான்கு சிமெண்டுத் தொட்டி, ஒரு போர்வெல், வரிசையாகத் துவைகல். அந்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். வேட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தார், இரு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். "நூல் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆறப் போடாம உடனே கொண்டாந்திருந்தா சுளுவா எடுத்திருக்கலாம். ரெண்டு வெள்ளாவி வச்சுப் பாக்குறேன்."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். துவைப்பதைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்த வேலையில்தான் கண் நிலைத்தது. மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதும் அவர் கை தானாகப் பிரிக்கத் தொடங்கியது. வெள்ளை நூல் துணி ஒரு பக்கம், சாயத்துணி ஒரு பக்கம். சாயத்துணியிலும் சந்தேகமானதை எடுத்து, அதன் ஓரத்தை நனைத்து ஒரு வெள்ளைக் கந்தலில் வைத்து அழுத்துகிறார். கந்தலில் நிறம் இறங்கினால் அது தனித் தொட்டிக்கு, கல்லுப்புத் தண்ணீருக்குப் போகிறது. உப்பு சாயத்தை நிரந்தரமாகப் பூட்டிவிடாது. அந்த ஒரு அலசலில் கரைந்து ஓடுவதை மட்டுப்படுத்தும். காயப்போடும்போது உட்பக்கம் வெளியே வர, நிழலில். ரத்தக் கறையும் பால் கறையும் உள்ளவை பச்சைத் தண்ணீரில் ஊறப்போகின்றன. "சுடுதண்ணி பட்டா முட்ட வெந்த மாதிரி கறை இறுகிப் போகும்" என்கிறார். புரதம் சூட்டில் உறைவதை இதைவிடத் தெளிவாக எனக்கு எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. பட்டுக்குச் சலவைச் சோடா கூடவே கூடாது. பட்டும் புழு தந்த புரதம்தான், காரம் அதை அரித்துவிடும்.

"திண்டுக்கல் துணியில பாதி பிரியாணிக் கறைதான்" என்று ஒரு சட்டையைக் காட்டினார். சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை ரத்தமாகச் சிவந்தது. நான் பதறினேன். அவர் அலசி வெயிலில் விரித்தார். சோப்பின் காரம் போனதும் கறை மறுபடி மஞ்சளானது. மிச்சத்தை வெயில் வாங்கிக்கொள்ளும் என்றார். சாயங்காலம் பார்த்தேன், அந்த இடத்தில் லேசான நிழல்தான் இருந்தது.

வெள்ளாவி இப்போது தினமும் கிடையாது, வாரத்துக்கு ஒரு நாள்தான். சோடாத் தண்ணீரில் ஊறிய வெள்ளைத் துணியை முறுக்கி, கொதிக்கும் பானையின் வாயைச் சுற்றி அடுக்கடுக்காக ஏற்றி, சாக்கால் மூடி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவிட வேண்டும். முன்பு சோடாவுக்குப் பதில் உவர்மண். இரண்டின் காரமும் ஒன்றுதான், சோடியம் கார்பனேட். களர் நிலத்தில் தோண்டிய கிணற்றில் நாள்தோறும் துணி வெளுக்கும் புலைத்தியை ஔவையார் புறநானூற்று 311ஆம் பாட்டில் காட்டுகிறார். பயிருக்கு ஆகாத நிலத்தின் தண்ணீர் துணிக்கு ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பாலியஸ்டர் வந்தபிறகுதான் வெள்ளாவி குறைந்தது. அந்தத் துணி ஆவியில் சுருங்கினால் சுருக்கம் அப்படியே நின்றுவிடும்.

குளத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். மழை பெய்தால்தானே குளம் என்றார். தோல் ஆலைக் கழிவால் கிணறுகளும் கெட்டுப்போயின. "வேட்டியப் போட்டா பழுப்பா வந்துச்சு, தம்பி. நாங்க துவைச்சமா, சாயம் போட்டமான்னு வீட்டுக்காரவுக கேப்பாக." தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் வழக்கில் தந்த தீர்ப்பில் எங்கள் ஊரும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டதாக ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அதில் பதிவாகியுள்ளது. சலவைத் தொழிலாளருக்கு அரசு விலையில்லாத் தேய்ப்புப் பெட்டி தருகிறது, நல வாரியமும் வைத்திருக்கிறது. இந்த அம்மா கேட்பது தண்ணீர்.

கஞ்சி போடுவதையும் தேய்ப்பதையும் நான் நின்று பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவர் ஒரு தகர டப்பாவைத் திறந்திருந்தார்.

உள்ளே சேங்கொட்டை. கறுப்பாக, இதய வடிவில் இருக்கும். ஊசியால் குத்தினால் கசியும் பாலைத் துணியின் மூலையில் தொட்டு வைத்து, மேலே சுண்ணாம்பு தடவுவார்கள். கறுத்த குறி துணி கிழியும்வரை அழியாது. ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, ஒரு வீட்டுக்குக் கோடும் புள்ளியும், ஒரு வீட்டுக்குச் சூலம் போல. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் மூலையைப் புரட்டிய கணத்தில் தெரு, வீடு, யாருடைய துணி என்று சொல்லிவிடுகிறார். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த வெளிநாட்டுச் சிப்பாய்களுக்குச் சட்டைக் குறி பட்ட இடத்தில் புண் வந்ததை மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். குறி போட்ட விரல்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்த அம்மாவின் கட்டைவிரலில் பழைய தழும்புகள் இருக்கின்றன.

பக்கத்தில் மலைபோல் குவிந்திருந்த விரிப்புகளில் குறியே இல்லை. லாட்ஜுகளுடையவை. லாட்ஜுக்கும் இவருக்கும் நடுவில் ஒரு காண்டிராக்ட்காரர். ராத்திரி கொண்டுவந்து கொட்டி, விடிந்ததும் வேண்டும் என்கிறார். அந்த அவசரத்துக்குப் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டால்தான் முடியும். பவுடர் கையைத் தின்கிறது, நூலையும் தின்கிறது. நாலாவது மாதம் விரிப்பு கிழிந்தால் கூலியில் பிடிக்கிறார்கள். ஒரு விரிப்புக்கு இவர் கையில் நிற்பது ஒரு டீக்குக் காணாது. அறைக்கு வாடகை கொடுத்து அந்த வெள்ளையின் மேல் படுக்கிற நம்மில் யாரும் அது யார் கையால் வெளுத்தது என்று கேட்பதில்லை. துணியைக் காப்பாற்றத் தெரிந்தவரையே துணியை அழிக்கச் சொல்லி, அழிந்ததற்கு அபராதமும் வாங்குகிற கணக்கு இது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் அமைதியாகத்தான் இருந்தார்.

"முந்தி மட்டும் என்ன வாழ்ந்துச்சு?" என்றார். "களத்துல எல்லாம் அளந்த பெறகு கடேசியா அள்ளிப் போடுவாக. எங்கப்பா தல நரைச்ச மனுசன். பால்குடி மறக்காத பய 'வாடா, போடா'ம்பான். அதக் கேட்டுக்கிட்டே எங்கப்பா சிரிப்பாரு."

மறுவாரம் வேட்டி வாங்கப் போனேன். ஒன்று பழைய வெள்ளைக்கே வந்திருந்தது. இன்னொன்றில் கரையோரம் மெல்லிய சிவப்பு மிச்சம். வீட்டுப் பெட்டியில் கிடந்த தாத்தாவின் துப்பட்டி ஒன்றையும் எடுத்துப் போயிருந்தேன். மூலையில் ஒரு கோடு, கீழே மூன்று புள்ளி. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க துறைக் குறி இல்ல. நல்ல கை. புள்ளி ஒண்ணுகூடப் பரவல பாருங்க." பிறகு கேட்டார்: "போட்டவர் பேரு என்ன, தம்பி?"

ஐம்பது வருஷம் எங்கள் வீட்டுத் துணி அந்தக் குறி போட்டவர் கையில் வெளுத்தது. வீட்டில் அவரை எல்லோரும் சாதிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், சிறுவனாக இருந்த நானும்தான்.

தெரியாதும்மா என்றேன். அந்த அம்மா துப்பட்டியைக் குறி மேலே தெரியும்படி மடித்து என் கையில் கொடுத்தார்.