உத்தரபாராவில் ஒரு பகல்

ஹௌராவில் மின்சார ரயிலேறிச் செல்வோர், உத்தரபாராவைக் கடந்ததும் ‘ஹிந்த் மோட்டார்’ என்னும் நிலையத்தைக் காண்பர். ஒரு தொழிற்சாலையின் பெயரே நிலையத்திற்கு வழங்கலாயிற்று. 1957 முதல் அம்பாஸடர் கார்கள் உருவானது இங்கேதான். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரே அதற்கு மூலம். அமைச்சரையும் மணமக்களையும் வேற்றுமையின்றிச் சுமந்த அக்காரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோயிற்று. தொழிற்சாலை வாயிலில் சற்று நின்றேன், உள்ளம் கனத்தது.

பின்னர் உத்தரபாராவுக்குத் திரும்பி, கங்கைக்கரையில் ஜயகிருஷ்ண முகர்ஜி 1859-இல் நிறுவிய நூலகத்தைக் கண்டேன். பின்னே வந்த ஆலை ஓய்ந்தது. முன்னே வந்த நூலகம் நிலைத்திருக்கிறது! ஏட்டில் ஏறியதே நிற்கும் போலும்.

அரசர்கள் ஏறிய கார்களைப் பற்றி, ‘தி ஆட்டோமொபைல்ஸ் ஆஃப் தி மகாராஜாஸ்’ என்னும் நூலை மன்வேந்திர சிங் பர்வானியும் சாரதா த்விவேதியும் 2003-இல் வெளியிட்டனர். நாம் ஏறிய காரின் வரலாற்றில் பெரும்பகுதியோ அதை ஓட்டியவர், பழுது பார்த்தவர் நெஞ்சங்களிலேயே உறைகிறது. அத்தகைய முதியோர் நம் இல்லங்களிலும் உளர். அன்பர்களே, அவர்கள் கூறுவதை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை கேட்போமெனில், சொல்ல அவர்கள் இருக்கவேண்டுமே!