உள்ளே விடாத கம்ப்யூட்டரும் என் கட்டிங் ஆர்டரும்

கரும்பு போடுறவங்களுக்கு கட்டிங் ஆர்டர்னா என்னன்னு சொல்லத் தேவையில்லை. மத்தவங்களுக்காக நாலு வரி. ஆலைக்குப் பதிவு பண்ணின கரும்பை நாம நினைச்ச அன்னிக்கு வெட்ட முடியாது. நட்ட தேதி, ரகம், முதிர்ச்சி எல்லாம் பார்த்து ஆலை ஒரு வெட்டு உத்தரவு தரும். அந்தச் சீட்டு இருந்தாத்தான் வண்டி ஆலைக்குள்ள போகும். வெட்டின கரும்பு 24 மணி நேரத்துக்குள்ள அரைவைக்குப் போயிடணும். கிடந்து காய்ஞ்சா எடையும் போச்சு, சர்க்கரையும் போச்சு. முத்தின கரும்பை வெட்டாம விட்டாலும் நஷ்டம்தான். நான் போட்டது கோ 86032. போன வருஷம் முன்பட்டத்துல, ஜனவரி ஆரம்பத்துல நட்டது. இந்தப் பொங்கலோட 12 மாசம் தாண்டிடுச்சு.

இன்னொரு பக்கம் வெட்டு ஆளுங்க. மேஸ்திரி ஒரு கொல்லையை முடிச்சிட்டு அடுத்த கொல்லைன்னு வரிசையா போவார். நம்ம முறை வர்ற அன்னிக்கு ஆர்டர் கையில இல்லைன்னா அடுத்த ஆள்கிட்ட போயிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. 14 பேருக்கு டன் கணக்குல கூலி. ஒரு நாள் சும்மா உட்கார்ந்தா அன்னிக்கு அடுப்பு எரியாது.

பொங்கல் லீவு முடிஞ்சு ஆபீஸ் திறந்த அன்னிக்கு மதியம் கோட்ட ஆபீசுக்குப் போனேன். மறுநாள் காலையில மேஸ்திரி என் கொல்லையில இறங்குறதா பேச்சு. போனா, திண்ணையில ஏற்கனவே ஆறு பேர். எல்லாரும் ஆர்டருக்கு வந்தவங்கதான்.

உள்ளே புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒரு பொண்ணு. அன்னிக்குத்தான் முதல் நாள். தன் பேரையும் பாஸ்வேர்டையும் அடிக்குது, கம்ப்யூட்டர் உள்ளே விட மாட்டேங்குது. பெரிய கிளார்க் வந்து அவர் பேரைப் போட்டார். உடனே திறந்துச்சு. ஆனா கரும்பு சாப்ட்வேர் மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது. ஆலை கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போட்டாங்க. "சர்வர் நல்லாத்தான் இருக்கு, மத்த ஆபீஸ் எல்லாம் ஓடுது. நாளைக்கு மதியம் ஆள் அனுப்புறோம்"னு பதில்.

அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாச்சு. பழைய ஆளுக்குத் திறக்குது, புது ஆளுக்குத் திறக்கலை. அப்போ தப்பு புது ஆள் மேல. "கண்டதை அமுக்கி என்னமோ பண்ணிடுச்சு"ன்னு கிளார்க் எங்க எல்லார் முன்னாடியும் சொன்னார். திண்ணையில இருந்த பெரியவர் ஒருத்தர், "கத்துக்கிட்டு வரக்கூடாதாம்மா"ன்னார். அந்தப் பொண்ணு தலையை நிமிர்த்தவே இல்லை.

ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்க்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சென்னையில நெட்வொர்க் வேலை பார்த்தவன் நான். கிளார்க்குக்கும் அது தெரியும். "சார், நான் எதையும் தொடலை. பக்கத்துல நின்னு கேள்வி மட்டும் கேக்கறேன்"னு சொன்னேன். சரின்னுட்டார்.

"திட்டும்போது ஸ்கிரீன்ல என்ன எழுதி வருதுன்னு அப்படியே படிம்மா."

இங்கிலீஷ்லதான் வந்துச்சு. மெதுவா படிச்சுது. இப்போதைக்கு லாகான் சர்வர் எதுவும் கிடைக்கலைங்கிறதுதான் அதோட அர்த்தம். பாஸ்வேர்டு தப்பா இருந்தா, பேரோ பாஸ்வேர்டோ தப்புன்னு வேற மாதிரி சொல்லும். இங்கே பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற இடம் வரைக்கும் விஷயம் போகவே இல்லை. அப்பவே அந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுபோச்சு.

"அப்புறம் சாருக்கு மட்டும் எப்படிண்ணா திறக்குது?"

நல்ல கேள்வி. இந்த மாதிரி ஆபீஸ் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு ஆளை உள்ளே விடாது. பேரையும் பாஸ்வேர்டையும் வாங்கி, தலைமை ஆபீஸ்ல இருக்கிற சர்வரைக் கேக்கும். அது சரின்னா திறக்கும். ஆனா லைன் போன நேரத்துல வேலை நின்னுடக் கூடாதுன்னு விண்டோஸ்ல ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க. முன்னாடி அந்தக் கம்ப்யூட்டர்ல உள்ளே வந்தவங்களை அது ஞாபகம் வச்சுக்கும். யாரும் மாத்தலைன்னா கடைசியா வந்த 10 பேர் வரைக்கும். சர்வர் கிடைக்கலைன்னா அந்த ஞாபகத்தை வச்சே அவங்களை விட்டுடும். புது ஆளுக்கு அப்படி ஒரு ஞாபகம் கிடையாது.

நம்ம ஊர்லயும் இதானே நடக்குது. தெரிஞ்ச மூஞ்சின்னா நேரா வீட்டுக்குள்ள போகலாம். புதுசா வந்தவரைத்தான் யாரு என்னன்னு வாசல்லயே நிறுத்துவோம்.

ஆக, கிளார்க்கும் சர்வரைத் தொடவே இல்லை. அதனாலதான் அவருக்குக் கம்ப்யூட்டர் திறந்தும் கரும்பு சாப்ட்வேர் ஓடலை. ரெண்டும் தனித்தனி கோளாறுன்னு நினைச்சாங்க. இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். இந்தக் கம்ப்யூட்டருக்கும் ஆலைக்கும் நடுவுல வழி அறுந்திருக்கு.

வாய்க்கால்ல தண்ணி வரலைன்னா மோட்டார்ல ஆரம்பிச்சு கடைமடை வரைக்கும் நடந்து பார்ப்போமில்லையா, அதே வேலைதான். முதல்ல கடிகாரம். கம்ப்யூட்டர் நேரத்துக்கும் சர்வர் நேரத்துக்கும் 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தாலும் விடாது. நேரம் சரியா இருந்துச்சு. அடுத்து ஒயர். பின்னாடி லைட் மினுக்குது. கிளார்க் வேற, "இன்டர்நெட் நல்லா வருதே, காலையில நியூஸ் பார்த்தேனே"ன்னார்.

அங்கதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அவர் பேர்ல திறந்து, கறுப்புத் திரையில ஐபிகான்ஃபிக்னு அடிக்கச் சொன்னேன். 192.168னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் வந்துச்சு. ஆலை கம்ப்யூட்டர் பிரிவுக்கு மறுபடியும் போன் போட்டு, உங்க லைன்ல இந்த ஆபீசுக்கு என்ன நம்பர்னு கேட்டோம். 10ல ஆரம்பிக்கும்னாங்க. தண்ணி வருது, ஆனா நம்ம மதகுத் தண்ணி இல்லை.

மேசைக்கு அடியில குனிஞ்சு பார்த்தா ரெண்டு பெட்டி. ஒண்ணு ஆலையோட லைன். இன்னொண்ணு, கண்காணிப்புக் கேமராவுக்காகப் பொங்கலுக்கு முன்னாடி புதுசா போட்ட பிராட்பேண்ட். போகிக்கு வெள்ளையடிக்க எல்லா ஒயரையும் பிடுங்கிட்டு, திரும்பச் சொருகும்போது கம்ப்யூட்டர் ஒயரைப் புதுப் பெட்டியில சொருகிட்டாங்க. அதுல உலகம் பூரா பார்க்கலாம், ஆலை சர்வர் மட்டும் தெரியாது. அந்தப் பேரே வெளி இன்டர்நெட்டுக்குத் தெரியாது.

அந்தப் பொண்ணுதான் குனிஞ்சு ஒயரை மாத்துச்சு. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டு, தன் பேரையும் அதே பாஸ்வேர்டையும் அடிச்சுது. 'வெல்கம்'னு வந்துச்சு. நாலரை மணிக்கு எங்க ஏழு பேர் கையிலயும் ஆர்டர்.

கிளார்க் எதுவும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு டீ வாங்கிட்டு வரச் சொல்லி, முதல் டம்ளரை அந்தப் பொண்ணுகிட்ட நீட்டினார். பெரியவர் மட்டும் கிளம்பும்போது, "நான் சொன்னதை மனசுல வச்சுக்காதம்மா"ன்னுட்டுப் போனார்.

மறுநாள் மதியம் வர்ற ஆளுக்காகக் காத்திருந்தா என் வெட்டு தள்ளிப்போயிருக்கும், சரி. ஆனா அதைவிட, அந்தப் பொண்ணு தப்புப் பண்ணினதாவே ஆபீஸ் முழுக்கப் பேர் நின்னிருக்கும். முதல் நாள் வாங்கின பேரு கிராமத்துல சீக்கிரம் போகாது.

உங்க சொசைட்டியிலயோ பேங்குலயோ சிஸ்டம் உள்ளே விடலைன்னா, இந்த வரிசையில கேட்டுப் பாருங்க:

1. ஸ்கிரீன்ல வர்றது பாஸ்வேர்டு தப்புன்னா, சர்வர் கிடைக்கலைன்னா? முழுசா படிங்க.
2. பழைய ஆளுக்குத் திறந்து புது ஆளுக்குத் திறக்கலையா? லைனைச் சந்தேகப்படுங்க, ஆளை இல்லை.
3. தேதி, நேரம் சரியா இருக்கா?
4. லைட் எரியறதும் இன்டர்நெட் வர்றதும் போதாது. ஒயர் எந்தப் பெட்டிக்குப் போகுது?
5. கடைசியா அந்த அறையில என்ன மாத்தினாங்க? வெள்ளையடிச்சாங்களா, புதுசா எதாவது மாட்டினாங்களா?

அன்னிக்கே ஆலை ஒயர்ல சிவப்பு இன்சுலேஷன் டேப் சுத்தச் சொல்லிட்டு வந்தேன். போன வாரம் போனப்போ பார்த்தேன், பெட்டியிலயும் ஒயர்லயும் டேப் இருக்கு. மேல பேனாவுல 'ஆலை லைன், பிடுங்கக் கூடாது'ன்னு அந்தப் பொண்ணு எழுதி வச்சிருக்கு.

கரும்பு வெட்டு மூணு நாள்ல முடிஞ்சுது. இப்போ கட்டைக் கரும்பு துளிர் விட்டிருக்கு. மும்முனை கரண்ட் வர்ற நேரமாச்சு, தண்ணி கட்டப் போறேன்.