ஜாக்கி நழுவிய பிறகு

உளுந்தூர்பேட்டையில் திரும்பி சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை மொத்தம் சுமார் 136 கிலோமீட்டர். அந்த வழியில் தியாகதுருகத்துக்கு முன்னால் வருவது எலவனாசூர்கோட்டை. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது இந்த ஊரும் அதோடு வந்துவிட்டது. சென்னைப் பக்கமிருந்து கல்வராயன் மலைக்குக் காரில் போகிறவர்களில் பலர் இந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள்.

அப்படிப் போகிற ஒரு காரின் முன் டயர் இங்கே பஞ்சர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஓரமாக மண்ணில் இறக்குகிறார்கள். பஞ்சர் கடையிலிருந்து ஒரு பையன் ஜாக்கியோடு வருகிறான். லாரி, டிராக்டர், ஜீப் என்று பார்த்துப் பழகிய கை. அவற்றில் அச்சுக்கு அடியில் கெட்டியான இரும்பு இருக்கும், அங்கே ஜாக்கியைக் கொடுத்தால் போதும். இன்றைய சின்னக் கார்களில் முன்பக்கம் அப்படி எதுவும் கிடையாது. கதவுக்குக் கீழே, சக்கரத்தை ஒட்டி, உடம்புத் தகட்டைப் பலப்படுத்தி ஓர் இடம் விட்டிருப்பார்கள். ஜாக்கி வைக்க வேண்டியது அங்கேதான். பையனோ குனிந்து பார்க்கிறான், நடுவில் பெட்டி மாதிரி ஒன்று கெட்டியாகத் தெரிகிறது. அதுதான் ஆயில் சேம்பர்! ஜாக்கி ஏறுகிறது, வண்டியும் ஏறுகிறது, "டொக்" என்று ஒரு சத்தம். இறக்கி இடம் மாற்றி வைத்து, டயரையும் மாற்றிவிடுகிறான். "ஒன்னும் ஆவல சார், நீங்க போங்க."

ஒன்றும் ஆகவில்லையா என்பதுதான் கேள்வி. ஆயில் சேம்பர் என்பது இன்ஜினின் அடியில் இருக்கும் தொட்டி. அதற்குள் ஸ்ட்ரெய்னர் என்ற சல்லடை வாய் வழியாகத்தான் பம்ப் ஆயிலை உறிஞ்சுகிறது. பல இன்ஜின்களில் அந்த வாய்க்கும் தொட்டியின் தரைக்கும் நடுவே ஒரு விரல் தடிமன் இடைவெளிகூட இருக்காது. தகடு உள்ளே அமுங்கினால் அந்த வாய் பாதி அடைபட்டுவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது. ஆனால் உள்ளே கிராங்க் பேரிங்குகளுக்குப் போதிய ஆயில் போகாது. அலுமினியத்தில் வார்த்த சேம்பர் என்றால் அமுங்காமல் விரிசல் விடும். அது ஒரு விதத்தில் நல்லது, ஒழுகிக் காட்டிக் கொடுத்துவிடும்.

அதனால் சத்தம் கேட்டதும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்க அவசரப்படக் கூடாது. முதலில் டயரை மாற்றி, நான்கு சக்கரமும் தரையில் நிற்கட்டும். பிறகு சமதரையில் நிறுத்தி, அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து, பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் மாதிரி இருந்தால் பெரும்பாலும் கூலன்ட். ஏசி ஓடியிருந்தால் வெறும் தண்ணீர் சொட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். அடுத்து ஆயில் கம்பி. அளவு குறைந்திருந்தால் ஒழுக்கு. முன்பைவிடக் கூடுதலாகக் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம், தொட்டி அமுங்கியதால் அதே ஆயில் மேலே ஏறி நிற்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவும் சரியாக இருந்தால் சாவியைத் திருப்புங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று விநாடிக்குள் அணைய வேண்டும். அணையாவிட்டாலோ, அடியில் இரும்பு உரசுகிற சத்தம் வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். உரசல் என்றால் சுற்றுகிற கிராங்க் அமுங்கிய தகட்டில் இடிக்கிறது என்றுகூட இருக்கலாம்.

விளக்கு அணைந்துவிட்டதே என்று நிம்மதியாகப் போய்விடலாமா? அதுதான் முடியாது. அந்த விளக்கு பொதுவாக அழுத்தம் அரை பாருக்கும் கீழே போனால்தான் எரியும். நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும் இன்ஜினுக்கு அதைப்போலப் பல மடங்கு தேவை. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஆபத்தை விளக்கு சொல்லாது. மெக்கானிக் அந்த விளக்கின் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அதே துளையில் கேஜ் மாட்டி அளந்தால் தெரியும். அதைவிட நிச்சயம், சேம்பரைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பார்ப்பது. கேஸ்கட், புது ஆயில், கூலி எல்லாம் சேர்த்தாலும் இன்ஜின் வேலையோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசுதான்.

கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிற வண்டி என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஏற்றத்திலும் வளைவிலும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். பாதி அடைபட்ட வாய் அப்போது காற்றை உறிஞ்சும். சமவெளியில் தெரியாத குறை மலையில் போய்த்தான் தெரியும்.

வண்டி ஜாக்கியிலிருந்து நழுவியே விழுந்திருந்தால் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. இன்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா, பிரேக் டிஸ்க் தரையில் மோதியதா, லோயர் ஆர்ம் வளைந்ததா, அடியில் போகும் பிரேக், பெட்ரோல் குழாய்கள் நசுங்கினவா? முக்கியமாக, ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை, மற்ற சக்கரங்களுக்குக் கல், கழற்றிய டயரைக் கதவுக்குக் கீழே படுக்கப் போடுவது, இந்த மூன்றும் உயிர்காக்கும்.

கடைசியாக அந்தப் பையன். அவன் பொய் சொல்லவில்லை, பயந்தான். "டொக்" சத்தம் அவன் காதிலும் விழுந்தது. முன்பு ஒருமுறை உண்மையைச் சொல்லி அறை வாங்கியிருக்கலாம், கூலி பிடித்திருக்கலாம். "சார், ஜாக்கி தப்பான இடத்துல பட்டுடுச்சு, ஒரு தடவ பாத்துட்டுப் போங்க" என்று அவன் சொல்லியிருந்தால் இத்தனை சோதனையில் பாதி தேவைப்பட்டிருக்காது. அப்படிச் சொல்கிறவனைத் திட்டாமல் அவன் கூலியைக் கொடுத்துவிட்டு வந்தால், அடுத்து வருகிற வண்டிக்காரருக்கும் அவன் உண்மையைச் சொல்வான்.

அதற்கும் முன்னால் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இன்றைக்கே வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டி, ஜாக்கி வைக்கும் இடம் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பையன் குனியும்போது, "தம்பி, இங்க வை" என்று கை காட்டினால் போதும்.