குளிரைச் சுமந்த பாய்க்கப்பல்

நியூசீலாந்தின் தென்தீவிலே, ஒவமாரு நகருக்கு அணித்தாக ரொட்டாரா என்னும் பண்ணை உண்டு. கல்லாற் கட்டப்பட்ட அதன் பழைய கட்டிடங்கள் இன்றும் பேணப்படுகின்றன. அவற்றைக் கண்டபின், போர்ட் சாமர்ஸ் துறைமுகத்துக்குச் சென்றோம்.

அன்று இந்நாட்டில் ஆடுகள் மலிந்திருந்தன. உண்போர் தொகையோ சிறிது. கம்பளி விலைபோயிற்று, இறைச்சிக்குச் சந்தை இல்லை. ஆகவே, பண்ணையில் அறுத்த ஆடுகளைப் புகைவண்டியில் இத்துறைக்குக் கொணர்ந்து, கப்பலிலேயே உறையவைத்தனர். 1882ஆம் ஆண்டு பெப்ரவரி 15இல், 'டுனீடின்' என்னும் பாய்க்கப்பல் ஏறக்குறைய 5,000 உடல்களோடு இலண்டனுக்குப் புறப்பட்டது.

கப்பலைச் செலுத்தியது காற்று. குளிரை ஆக்கியது நீராவி யந்திரம். அது காற்றை அழுத்தி, அப்போது எழும் வெப்பத்தை அகற்றி, மீண்டும் விரியவிடும். விரியுங் காற்றுக் கடுங்குளிராகும்.

வெப்ப வலயத்தில் அக்குளிர்காற்றுச் செவ்வனே பரவவில்லை. கப்பற்றலைவர் ஜோன் விற்சன் தாமே காற்றுக் குழாயினுள் தவழ்ந்து சென்று புதிய துளைகளை அறுத்தார். உடல் விறைத்துப்போன அவரைக் கயிறு கட்டி வெளியே இழுத்து உயிர் காத்தனர். 98 நாட்களில் இலண்டன் சேர்ந்தபோது, பழுதென்று தள்ளப்பட்டது ஓர் உடல் மட்டுமே.

1890இல் ஒவமாருவிலிருந்து சென்ற அக்கப்பல் கடலில் மறைந்தது. எங்கே ஆழ்ந்ததென எவரும் அறியார். அது திறந்த வழியோ மூடவில்லை. இன்று மின்சாரத்தாற் குளிரூட்டிய பெட்டிகளில், பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் உறைந்த உணவு கடல் கடக்கின்றது. யந்திரத்தை வியக்கும் மாணவர், அதன் குறைதீர்க்கக் குளிரினுட் புகுந்த மாலுமியையும் அறிந்திருத்தல் நன்று.