முடிவு தெரியாத பாட்டு

இசை ரசனை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கைமாறுவது எங்கும் உள்ள வழக்கமே எனினும், சைக்கடெலிக் ராக் இசையில் அந்தக் கைமாற்றம் வேறொரு வடிவம் கொள்கிறது. மனம், வெளிப்படுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து பெயர்பெற்ற இவ்வகை, 1960களின் நடுவில், பெற்றோர் வகுத்த வாழ்க்கையை விட்டு விலக விரும்பிய இளைஞர்களிடையே வளர்ந்தது. அத்தகைய இசை பின்னாளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் அருகருகே அமர்த்தியது எவ்வாறு என்பதை, கலிஃபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட் குழுவின் வரலாற்றில் காணலாம்.

1965இல் உருவான அக்குழுவின் உயிர்நாடி 'ஜாம்' ஆகும். அதாவது, மெட்டைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒருவர் வாசிப்பதை மற்றவர் செவிமடுத்து, அந்தக் கணத்தில் தோன்றும் வழியில் அனைவரும் சேர்ந்து செல்லும் கூட்டு மனோதர்மம். 1968இல் மூன்று நிமிடத்திற்கும் குறைவான இசைத்தட்டாக வந்த 'டார்க் ஸ்டார்', மறு ஆண்டு வெளியான மேடைப்பதிவில் 23 நிமிடங்களாக விரிந்தது. கச்சேரிக்குக் கச்சேரி பாட்டு மாறியதால் ரசிகர்கள் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் வந்தனர்; குழு அவர்களைத் தடுக்காமல், 1984இல் அரங்கினுள் அவர்களுக்கெனத் தனி இடமே ஒதுக்கியது. விலைக்கு விற்காமல் கைக்குக் கை மாற்றிக்கொள்ளப்பட்ட அந்தக் கேசட்டுகள் பல வீடுகளில் குடும்பச் சொத்தாயின.

ஒரே பாட்டின் இரு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்கும் பழக்கமே பிள்ளைக்கு இங்கே கிடைக்கும் முதற்பாடம். பல ஆண்டுகள் கேட்டுத் தேர்ந்த தாயோ தந்தையோ கூட, புதிதாகக் கையில் கிடைத்த பதிவில் கிதார் அடுத்து எங்கே திரும்பும் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே அறிந்தவர்களாக விளங்கும் பெற்றோர், அந்த இருபது நிமிடங்களுக்குப் பிள்ளையோடு ஒரே அறியாமையில் காத்திருக்கிறார்கள். அந்தச் சமநிலையே இவ்விசை குடும்பத்திற்கு அளிக்கும் அரிய கொடை.

குழுவின் பாஸ் கிதார் கலைஞரான ஃபில் லெஷின் வாழ்வில் இசைவழியான இந்தப் பெற்றோர்-பிள்ளை உறவு இரு திசைகளிலும் அமைந்தது. புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த தந்தைக்குப் பாடுவதற்காக அவர் அமைத்த மெட்டுக்குக் குழுவின் பாடலாசிரியர் ராபர்ட் ஹண்டர் வரிகள் எழுதினார். 1970இல் வெளியான 'அமெரிக்கன் பியூட்டி' தொகுப்பின் முதற்பாட்டான 'பாக்ஸ் ஆஃப் ரெயின்' அதுவே. அது நீண்ட ஜாமுக்கு இடந்தராத, நாட்டுப்புறச் சாயலுடைய எளிய பாட்டு. குழுவின் முதன்மைக் கிதார் கலைஞரான ஜெர்ரி கார்சியா கலந்துகொண்ட கடைசிக் கச்சேரி, 1995 ஜூலை 9 அன்று சிகாகோவில் அந்தப் பாட்டுடனேயே முடிந்தது.

தந்தைக்குப் பாட்டமைத்த அதே லெஷ், 2012இல் சான் ரஃபேல் நகரில் உணவகமும் மேடையும் இணைந்த ஓர் அரங்கைத் திறந்து, கிரஹாம், பிரையன் என்னும் தம் மகன்களுடன் அங்கே வாசித்தார். 2024இல் மறைந்த அவர் மகன்களுக்கு விட்டுச்சென்ற பாட்டுகளில் ஜாமுக்கென விடப்பட்ட இடம் எப்போதும் நிரப்பப்படாமலேயே இருக்கும். ஒவ்வொரு முறையும் அதை அவர்களே வாசித்து நிரப்பியாக வேண்டும்.